நீல நோட்டை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள்?

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற குறிப்போடு ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

வாசகிக்கு 41 வயது. ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். மாதக் கடைசியில் கணக்கு முடிப்பது அவர் பொறுப்பு. சப்ளையர் பில்களை லெட்ஜரோடு ஒத்துப்பார்ப்பது, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது, எந்தப் பிரிவிலிருந்து எந்தத் தாள் வரவில்லை என்று துரத்துவது எல்லாம் அதில் அடக்கம். எந்தப் பில் எப்போதும் தாமதமாக வரும், எந்தக் கணக்கில் காலாண்டுதோறும் வித்தியாசம் விழும், அதை எங்கே தேட வேண்டும் என்பதையெல்லாம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். "அந்த நோட்டு என் மேஜை இழுப்பறையில் பூட்டியே இருக்கும். அது இருக்கும்வரை என்னை யாரும் அசைக்க முடியாது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரிக்குத் திரும்பி வருகிறேன்.

கடந்த மூன்று ஆண்டுகளில் 14 பயிற்சிகளை முடித்திருக்கிறார். சில நிறுவனம் நடத்தியவை. பல, இரவு நேரத்தில் சொந்தச் செலவில் இணையம் வழியாகப் படித்தவை. சான்றிதழ்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு கோப்பில் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டு மதிப்பீட்டுக்கும் அந்தக் கோப்போடு போகிறார். மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "மிகவும் சந்தோஷம், பார்க்கலாம்" என்கிறார். இதற்கிடையில் இவர் கைபிடித்து வேலை கற்றுக்கொடுத்த இளையவர்கள் இருவர் பதவி உயர்வு பெற்றுவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து அவர்களில் ஒருவருக்குக் கீழேதான் இவர் வேலை பார்க்க வேண்டும்.

இந்த நிலையில் மனிதவளப் பிரிவு ஒரு வாய்ப்பை நீட்டியிருக்கிறது. ஆறு மாதத் தரவுப் பகுப்பாய்வுப் பயிற்சி, சனிக்கிழமை வகுப்புகள், கட்டணம் நிறுவனத்துடையது. பதிலுக்கு மூன்றாண்டு பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இடையில் விலகினால் முழுக் கட்டணத்தையும், கூடவே 'நிர்வாகச் செலவு' என்று ஒரு தொகையையும் திருப்பித் தர வேண்டும். கையெழுத்துப் போட இரண்டு வார அவகாசம்.

வாசகி கேட்பவை இவை: பாண்டில் கையெழுத்துப் போடலாமா? பயிற்சி முடித்தால் பதவி உயர்வு தரும் கடமை நிறுவனத்துக்கு உண்டா? எட்டு மாதத்துக்கு முன் படித்ததை ஒரு கூட்டத்தில் கேட்டபோது சொல்ல வராமல் விழித்தேன், எனக்கு வயதாகிவிட்டதா? நன்றி மறந்தவள் என்று பெயர் வாங்காமல் இதை மறுக்க முடியுமா? கடைசியாக, 14 சான்றிதழ்களையும் தன்விவரக் குறிப்பில் போடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, மேலாளர் மேல் கோபம் வந்தது. இரண்டாம் முறை, அவரிடத்தில் நான் இருந்த நாள் நினைவுக்கு வந்தது.

ஆலோசனைத் தொழிலுக்கு வருமுன் ஒரு நிறுவனத்தில் 12 பேர் கொண்ட பிரிவை நடத்தினேன். அதில் ஒருவர் உங்களைப் போல. அவர் விடுப்பு எடுத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். வேறு பிரிவில் ஒரு நல்ல பொறுப்பு காலியானபோது அவர் பெயரை நான் அனுப்பவில்லை. அவரைப் பிடிக்காததால் அல்ல. அவர் போய்விட்டால் என் மாதக் கடைசி என்னாவது என்ற பயம். அதற்கு ஈடாக அவரை இரண்டு பயிற்சிகளுக்கு அனுப்பிவைத்தேன். அவரும் நன்றியோடு போய்வந்தார். நான் செய்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. இதை மன்னிப்புக் கேட்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் மேலாளர் சொல்லும் 'பார்க்கலாம்' எந்த இடத்திலிருந்து வருகிறது என்று எனக்கு உள்ளிருந்து தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது அந்த நீல நோட்டு. அது உங்களைக் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறீர்கள். நீங்கள் கற்றுக்கொடுத்த இருவரும் மேலே போனார்களே, அவர்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தீர்களா? திறமை என்று சொல்ல மாட்டீர்கள், நானும் சொல்ல மாட்டேன். அவர்கள் கையில் மாதக் கடைசிக் கணக்கு இல்லை. அவர்களைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் எதுவும் நின்றுபோகாது. உங்களைத் தூக்கினால் நின்றுபோகும். யாரும் அசைக்க முடியாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், மேலேயும் அசைக்க முடியவில்லை.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

14 பயிற்சி முடித்தும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் மேலே இருக்கிறது. மீதிப் பாதி, சான்றிதழ் என்ற தாளைப் பற்றியது.

1959-ல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர், பயிற்சி பலன் தந்ததா என்று பார்க்க நான்கு படிகளைச் சொன்னார். கலந்துகொண்டவருக்குப் பிடித்ததா, எதையாவது கற்றாரா, திரும்பி வந்து வேலையில் அதைச் செய்கிறாரா, அதனால் நிறுவனத்துக்கு ஏதாவது மாறியதா. பயிற்சித் துறையில் இருப்பவர்கள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் பயிற்சி முடிந்த மாலை உங்கள் கையில் திணிக்கப்படும் கருத்துப் படிவம் முதல் படியோடு நின்றுவிடுகிறது. நீங்கள் தேர்வு எழுதி வாங்கும் சான்றிதழ், மிஞ்சிப்போனால் இரண்டாம் படி. பதவி உயர்வு பற்றிப் பேசுகிறவர்கள் பார்ப்பதோ மூன்றையும் நான்கையும். நீங்கள் கோப்பை நீட்டும்போது மேலாளர் அதைப் புரட்டுகிறார், அவ்வளவுதான். அவர் தேடுவது அதில் இல்லை.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். எக்செல் பயிற்சிக்குப் பிறகு சப்ளையர் பில் ஒத்துப்பார்க்கும் தாளை மாற்றி அமைத்தீர்கள், இரண்டு நாள் எடுத்த வேலை அரை நாளில் முடிகிறது. இதை மதிப்பீட்டில் சொன்னீர்களா? சொல்லவில்லை, 'அது என் வேலைதானே' என்று விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, 14 சான்றிதழ்களையும் ஒரு தட்டிலும் இந்த ஒரு வாக்கியத்தை மறு தட்டிலும் வைத்தால், வாக்கியம் உள்ள தட்டுதான் தாழும். கோப்பை வீட்டில் வைத்துவிட்டு அந்தத் தாளின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்செடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

நாம் கற்பதில் 70 விழுக்காடு வேலையிலிருந்து, 20 பிறரிடமிருந்து, 10 வகுப்பிலிருந்து என்று ஒரு கணக்கை மனிதவளப் பிரிவினர் அடிக்கடி சொல்வார்கள். உங்களிடமும் சொல்லியிருக்கலாம். 1980-களில் அமெரிக்காவின் சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் மேலதிகாரிகளிடம் 'எதிலிருந்து கற்றீர்கள்' என்று கேட்ட ஆய்வுகளிலிருந்து கிளம்பிய கணக்கு அது. மனிதர்கள் நினைவிலிருந்து சொன்னதை வைத்து உருண்டையாக்கிய எண்கள், இயற்கை விதி அல்ல. சில நிறுவனங்கள் பயிற்சிச் செலவைக் குறைக்க அதைச் சாக்காகவும் பிடித்துக்கொள்கின்றன. எண்களை விட்டுவிடுங்கள். புதிய வேலை கையில் வராதவருக்கு வகுப்பு ஒட்டாது என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது என் அனுபவத்திலும் சரி.

வயதாகவில்லை, வேலை கொடுக்கப்படவில்லை

எட்டு மாதத்துக்கு முன் படித்தது கூட்டத்தில் வரவில்லை என்று வருந்துகிறீர்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் வெளியிட்டார். ஒரு நாள் கழிந்ததும் அவரிடம் தங்கியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சோதனையைத் தொடங்கியபோது அவருக்கு முப்பதையொட்டிய வயது. பொருள் உள்ள பாடம் அவ்வளவு வேகமாக மறக்காது என்பது உண்மைதான், ஆனால் பயன்படுத்தாத எதுவும் கரையும். 25 வயதுக்காரருக்கும் கரையும்.

படித்ததைத் தக்கவைக்க ஒரு வழி உண்டு, வீடியோவை மறுபடி பார்ப்பது அல்ல. மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடத்தில் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, இடையில் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் முந்திவிட்டார்கள். புதிய பயிற்சியில் சேர்ந்தால், சனிக்கிழமை படித்ததைச் செவ்வாய்க்கிழமை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பாருங்கள். முடிந்தால் உங்கள் சொந்தக் கணக்குத் தரவில் செய்து பாருங்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை உங்களுக்கு நேரம் இருக்க வேண்டுமே. அதுதான் சிக்கல். மறுபடி நோட்டுக்கே வருகிறோம்.

பாண்டு: பரிசு அல்ல, கொடுக்கல் வாங்கல்

'நிறுவனம் இவ்வளவு செலவு செய்கிறது, நான் எப்படி நிபந்தனை பேசுவது' என்று தயங்குகிறீர்கள். இந்தத் தயக்கத்தை முதலில் கழற்றி வையுங்கள். கேரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் 1960-களில் தொழிற்பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உதவும் பயிற்சி. மற்றொன்று, எங்கு போனாலும் விலைபோகும் பயிற்சி. இரண்டாவது வகைக்கு முதலாளி தயங்குவார், கற்றவர் அதை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போகலாம் என்பதால். தரவுப் பகுப்பாய்வு இரண்டாவது வகை. பாண்டு வருவது அதனால்தான். உங்கள் நிறுவனம் கணக்குப் போட்டுத்தான் அந்தத் தாளை நீட்டியிருக்கிறது. நீங்களும் கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடுவதில் நன்றி கெட்டதனம் ஏதும் இல்லை. அவர்கள் கணக்கு போட்டதை நானும் குறை சொல்லவில்லை.

நான் வழக்கறிஞர் அல்ல, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்றும் எழுதவில்லை. இந்த விஷயத்தில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறை ஒன்று, அந்த வேலைக்காகச் சட்டப்படியோ கூட்டு ஒப்பந்தப்படியோ கொடுத்தே ஆக வேண்டிய பயிற்சி என்றால் அது தொழிலாளிக்கு இலவசமாகவும், வேலை நேரமாகவும் கணக்கிடப்பட வேண்டும் என்கிறது. உறுப்பு நாடுகள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர 2022 ஆகஸ்ட் 1 கெடு. உங்களுக்கு வந்திருப்பது போன்ற விருப்பப் பயிற்சிக்கு அது பொருந்தாது. இந்தியாவில், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் அதில் எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது. அதே நேரம், 2025 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்றாண்டுக்குள் விலகினால் குறிப்பிட்ட தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. 'பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது, போட்டுவிட்டுப் போ' என்று உங்கள் சக ஊழியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அலட்சியம் வேண்டாம். நிற்கிறவையும் உண்டு.

எதிர்ப்பக்கத்துப் பயமும் மிகை. பாண்டு போட்டால் மூன்று ஆண்டு அடைபட்டுக் கிடக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். பொதுவாக, விருப்பமில்லாத ஒருவரை வேலையில் இருந்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்துவதில்லை. வழக்கு பணத்தைப் பற்றியது. ஆகவே அந்தப் பணம் எவ்வளவு, எப்போது, எந்த நிலையில் என்பதை வரி வரியாகப் பாருங்கள்:

*எந்தச் செலவு?* பயிற்சி நிறுவனத்துக்குக் கட்டிய கட்டணம், ரசீதோடு. 'நிர்வாகச் செலவு' என்று பொத்தாம்பொதுவாக எழுதியதை நீக்கச் சொல்லுங்கள், அல்லது எண் போடச் சொல்லுங்கள்.

*குறைந்துகொண்டு வருகிறதா?* உங்கள் தாளில் முழுத் தொகை என்று இருக்கிறது. அதாவது இரண்டாண்டு பதினொரு மாதம் வேலை பார்த்துவிட்டு விலகினாலும் முழுத் தொகை. இது அநியாயம். 36 மாதத்துக்கு 36 பங்கு, ஒவ்வொரு மாதமும் ஒரு பங்கு கழிய வேண்டும். 18-ஆவது மாதம் விலகினால் பாதி. மூன்றாண்டு என்பதையே இரண்டாகக் குறைக்கவும் கேட்கலாம், ஆறு மாத வகுப்புக்கு மூன்றாண்டு நீளம்தான்.

*கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?* கையெழுத்திட்ட நாளா, வகுப்பு முடிந்த நாளா? முடிந்த நாள் என்றால் அது மூன்றரை ஆண்டு பாண்டு. பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது.

*யார் விலகினால்?* நீங்களாக விலகினால் சரி. நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தால், நோயால் வேலை செய்ய முடியாமல் போனால், வகுப்பில் தேறாமல் போனால்? இவற்றுக்குத் தொகை இல்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னாலோ, தேதி போடாத காசோலை கேட்டாலோ அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை, நல்லது. கையெழுத்திட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இறுதித் தாளை உங்கள் நாட்டுத் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அரை மணி நேர வேலை.

அந்தத் தாளில் இல்லாத வரி

பதவி உயர்வு தரும் கடமை உண்டா என்று கேட்டீர்கள். எழுத்தில் இல்லாவிட்டால் பொதுவாக இல்லை. பயிற்சி கொடுத்ததே வாக்குறுதி ஆகாது. உங்கள் பாண்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஏழு வரி இருக்கிறது. பயிற்சிக்குப் பிறகு உங்களுக்கு என்ன வேலை என்பதற்கு ஒரு வரியும் இல்லை. பகுப்பாய்வு படித்துவிட்டு வந்து, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அதே இழுப்பறை, அதே நோட்டு, அதே துரத்தல் என்றால், மூன்று ஆண்டில் அந்தப் படிப்பு எந்த நிலையில் இருக்கும்? எபிங்ஹாஸ் சொல்லிவிட்டார். பாண்டுக் காலம் முடியும்போது கையில் மிஞ்சுவது 15-ஆவது பிளாஸ்டிக் உறை.

அதனால் மனிதவளப் பிரிவிடம் போகுமுன் மேலாளரிடம் போங்கள். பயிற்சிப் பட்டியல் மனிதவளப் பிரிவின் கையில் இருக்கலாம், உங்கள் திங்கட்கிழமை மேலாளரின் கையில் இருக்கிறது. பதவி உயர்வு கேட்காதீர்கள், இப்போது அது அவர் வாயிலிருந்து 'பார்க்கலாம்' என்றுதான் வரும். வேலை கேளுங்கள். ஏறக்குறைய இப்படி:

"சார், பயிற்சிக்குப் போக எனக்கு விருப்பம். ஆனால் மாதக் கடைசிக் கணக்கு முழுவதும் என்னிடம் இருக்கும்வரை, படித்துவிட்டு வந்தாலும் உங்களுக்கோ எனக்கோ பயன் இருக்காது. சப்ளையர் பில் ஒத்துப்பார்க்கும் பகுதியை அடுத்த மூன்று மாதக் கணக்கு முடிப்பில் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்து ஒப்படைக்கிறேன். செய்முறையை எழுதியே தருகிறேன். அந்த நேரத்தில், செலவு ஏன் கூடியது குறைந்தது என்று பிரிவு வாரியாக மாதம் ஓர் அறிக்கை தயாரிக்கிறேன். ஆறு மாதத்தில் அந்த அறிக்கை பயன்பட்டால் அதை என் பொறுப்பாக எழுதிக் கொடுங்கள்."

கவனியுங்கள், இதில் அவருடைய பயத்துக்கும் மருந்து இருக்கிறது. நீங்கள் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அவர் கதி என்ன என்பது அவருக்கும் தெரியும். என் பிரிவில் இருந்தவர் என்னிடம் இப்படி வந்து பேசியிருந்தால் நான் மறுத்திருக்க முடியாது. அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று மாதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் மாதம் நீங்கள் செய்வதை அவர் பார்க்கட்டும். இரண்டாம் மாதம் அவர் செய்ய நீங்கள் பாருங்கள், கை மட்டும் நீட்டாதீர்கள். மூன்றாம் மாதம் அவரே செய்துவிட்டுச் சந்தேகத்தை மட்டும் கேட்கட்டும். இரண்டாம் மாதம்தான் கடினம். 'நகர், நானே செய்துவிடுகிறேன்' என்று நாக்கின் நுனிவரை வரும். அங்கே விட்டால் நோட்டு இழுப்பறைக்கே திரும்பிவிடும்.

பேசி முடித்த அன்றே, பேசியதை நான்கு வரி மின்னஞ்சலாக அவருக்கு அனுப்புங்கள். வம்புக்கு அல்ல, நினைவுக்கு. ஆறு மாதம் கழித்து 'அப்படிச் சொன்னேனா' என்ற கேள்விக்கு இடமிருக்காது.

ஒப்படைத்த பிறகு என்னையே வேண்டாம் என்றால்?

இதை நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் பூட்டிய இழுப்பறை கேட்கிறது. ஆபத்தே இல்லை என்று சொன்னால் பொய். நிறுவனம் ஆட்குறைப்பில் இருந்தால், பிரிவுகளை இணைக்கிறார்கள் என்ற பேச்சு இருந்தால், இப்போது நோட்டைத் திறக்காதீர்கள். முதலில் வெளியே என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள். நிறுவனம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, புதிய ஆட்களை எடுக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருப்பதால், உங்கள் விஷயத்தில் அந்த ஆபத்து குறைவு என்று நினைக்கிறேன். ஒரே நாளில் முழு நோட்டையும் கொடுக்கச் சொல்லவில்லை. ஒரு பகுதி கொடுங்கள், ஒரு புதிய வேலை வாங்குங்கள். வாங்கிய பிறகு அடுத்த பகுதி. இன்னொன்றும் உண்டு. அந்த நோட்டில் இருப்பதில் பாதி, ஒரு மென்பொருள் மாற்றத்தில் பழையதாகிவிடக் கூடியது. பூட்டி வைத்தது பூட்டுக்குள்ளேயே காலாவதியாகும் முன் அதற்கு ஒரு விலை வாங்கிவிடுவது நல்லது.

என் கணிப்பு

இப்போது இருக்கிற வடிவில் பாண்டில் கையெழுத்துப் போடாதீர்கள். மறுக்கவும் வேண்டாம். மூன்று திருத்தம் கேளுங்கள்: தொகை மாதந்தோறும் குறைய வேண்டும், நிறுவனமே வேலையை விட்டு அனுப்பினால் தொகை இல்லை, பயிற்சிக்குப் பின் எந்த வேலை என்று ஒரு வரி. முதல் இரண்டும் கிடைத்து, மூன்றாவது மேலாளரின் மின்னஞ்சலாகவாவது கிடைத்தால் போடுங்கள். மூன்றும் இல்லை என்றால் பயிற்சியை நன்றி சொல்லி மறுத்துவிடலாம், "இந்த நிபந்தனையில் இப்போது முடியாது, நிபந்தனை மாறினால் முதல் ஆளாக வருகிறேன்" என்று. இதில் மனம் புண்படுகிற நிறுவனத்தில் மூன்று ஆண்டு கட்டுப்பட்டிருப்பது நல்லதல்ல என்று உங்களுக்கும் அப்போது தெரிந்துவிடும்.

அவகாசம் இரண்டு வாரம் என்று பதறாதீர்கள். 'வழக்கறிஞரிடம் காட்ட இன்னும் ஒரு வாரம் வேண்டும்' என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். அதற்குள் வெளியில் இரண்டு நேர்காணலுக்குப் போய் வாருங்கள், வேலை மாற்றுவதற்காக இல்லாவிட்டாலும். மாதக் கடைசிக் கணக்கைத் தனியாக முடிக்கத் தெரிந்தவருக்கு வெளியே என்ன மதிப்பு என்பது தெரியாமல் மூன்று ஆண்டை எழுதிக் கொடுக்கக் கூடாது.

அந்தப் படிப்பைச் சொந்தமாகப் படிக்கும் வழியும் இருக்கிறது. கட்டணம் உங்களுடையது, மெதுவாகத்தான் முடியும், ஆனால் கட்டு இல்லை. சில நாடுகளில் பயிற்சிக்கான தொகை முதலாளி பெயரில் அல்லாமல் ஆளின் பெயரிலேயே வைக்கப்படுகிறது. பிரான்ஸில் 2015 முதல் தனிநபர் பயிற்சிக் கணக்கு உண்டு. சிங்கப்பூரில் 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2016 முதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கு உண்டு. உங்கள் நாட்டில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று பாண்டில் கையெழுத்திடுமுன் விசாரியுங்கள். தன் பெயரில் பணம் இருப்பது தெரியாமல் பாண்டு எழுதிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கற்றுக்கொடுத்தவருக்குக் கீழே வேலை பார்ப்பது பற்றி ஒரு பத்தி எழுதி, பிறகு அடித்திருக்கிறீர்கள். அடித்தது தெரிகிறது. வலிக்கும், வலிக்காது என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் உங்கள் தாளை அரை நாளில் முடிப்பது எப்படி என்று தெரிந்த ஒருவர் மேலே உட்கார்ந்திருக்கிறார், அது உங்களிடமிருந்து வந்தது என்றும் அவருக்குத் தெரியும். மேலாளரிடம் பேசுமுன் அவரிடம் ஒரு தேநீர் நேரம் பேசிப் பாருங்கள். அந்தப் புதிய அறிக்கை முதலில் தேவைப்படப் போவது அவருக்குத்தான்.

சான்றிதழ்கள்: தன்விவரக் குறிப்பில் 14 வேண்டாம், மூன்று போதும். எக்செல், பிறகு உங்கள் தொழிலுக்கு நேரடியாகப் பொருந்தும் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே, அதைக் கொண்டு என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி. 'சப்ளையர் பில் ஒத்துப்பார்ப்பை இரண்டு நாளிலிருந்து அரை நாளாகக் குறைத்தேன்.' மற்ற இரண்டுக்கும் அப்படி ஒரு வரி எழுத வரவில்லை என்றால், அவற்றையும் எடுத்துவிடுங்கள்.